ஆறு குட்டிகளில் மிஞ்சியது

என் சித்தியின் பெயர் லுஹ் ரெஸ்மின். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. மென் பெலாங் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். எங்கள் மலைப்பக்கத்தில் தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களுக்குச் சொந்தப் பெயர் போய்விடும். பிள்ளையின் பெயரோடு சேர்த்து அம்மாவை மென் என்றும் அப்பாவைப் பான் என்றும் கூப்பிடுவார்கள். சித்திக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஆறாவது வருஷம் ஒரு நாய் வளர்த்தாள். வெள்ளை உடம்பில் முதுகில் மட்டும் பழுப்புத் திட்டு. அதனால் அதற்குப் பெலாங் என்று பெயர். சந்தையில் யாரோ கிண்டலுக்காக, "மென் பெலாங் வர்றா, வழி விடுங்க" என்றார்களாம். சித்தி கோபித்துக்கொள்ளாமல், "என்ன வேணும்?" என்று திரும்பிப் பார்த்தாளாம். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

சித்தப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் லாரியில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு டென்பசார் நகரத்துக்குப் போகிறவர். ஒரே நாளில் பான் பெலாங் ஆகிவிட்டார். நான் என்ன நாயையா பெத்தேன் என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சண்டை போட்டார். பிறகு லாரியின் முன்கண்ணாடியில் அவரே அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டார்.

சித்தி ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறாள். கன்றும் போட்டு விற்கிறாள். மூன்று நாளுக்கு ஒரு முறை கூடும் சந்தையில், கவிழ்த்த பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்வாள். எல்லோரும் நல்ல பழத்தை மேலே அடுக்குவார்கள். இவள் அடியில் போடுவாள். வீட்டுக்குப் போய்க் கூடையைக் காலி செய்கிறபோது வாங்கினவர்கள் சந்தோஷப்பட வேண்டுமாம். இதனால் புது ஆட்கள் யாரும் அவளிடம் வாங்குவதில்லை. பழைய ஆட்கள் வேறு யாரிடமும் வாங்குவதில்லை.

பெலாங் ஒன்பது வருஷம் இருந்தது. ஒரு காலை, காப்பிக்கொட்டை காயப்போட்ட பாயின் ஓரத்தில் படுத்தபடியே போய்விட்டது. அது வயதான சாவு. சித்தி அழுதாள், ஆனால் உடைந்துபோகவில்லை. ஒரு மாதத்துக்குள் சந்தைக்குப் போய், கூடையில் வைத்து விற்கிற குட்டிகளில் ஒன்றை வாங்கி வந்தாள். அங்கேதான் வினை.

அந்தக் குட்டி வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் ரத்தமாகப் போனது. அந்த வாடை சமையல்கட்டு வரை வந்தது. சித்தி இளநீரையும் மஞ்சள் கரைத்த தண்ணீரையும் கரண்டியால் புகட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நாள் அது செத்தது. பேர்கூட வைக்கவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் அவகாடோ மரத்தடியில் புதைத்தார்கள். சித்தி முற்றத்தைப் பெருக்கினாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அது படுத்த சாக்கைக் கொளுத்தினாள். படையல் வைத்துத் தீர்த்தம் தெளித்து வீட்டைச் சுத்தி செய்தாயிற்று. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அதற்கு மேல் அங்கே ஏதாவது மிச்சமிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் எட்டு மாதம் அந்த வீட்டில் நாய் இல்லை. தினமும் காலையில் சமைத்ததும் தரையில் இலைத்துண்டில் படையலாக வைக்கிற சோற்றை, வைத்துக் கை எடுப்பதற்குள் பெலாங் தின்றுவிடும். இப்போது அது மாலை வரை அப்படியே கிடந்து காய்ந்தது. இனி நாய் வேண்டாம் என்று சித்தி எல்லோரிடமும் சொன்னாள். யாரும் கேட்காதபோதும் சொன்னாள்.

மேல்தெருவில் பான் லுத்ரா என்றொருவர் இருக்கிறார். மலைநாய் வளர்த்து விற்பதுதான் அவர் தொழில். எங்கள் மலைநாய்கள் குட்டி போடக் கூரையும் மெத்தையும் தேடாது. சரிவில் தானே வளை தோண்டி அதற்குள் போய் ஈனும். குட்டிகள் கண் திறந்து வெளியே வரும்வரை பான் லுத்ரா யாரையும் பக்கத்தில் விட மாட்டார். வெளியே வந்ததும் வாங்குகிறவர்கள் போய்ப் பார்த்து, தங்களுக்குப் பிடித்த குட்டியின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டிவிட்டு வருவார்கள். எல்லாம் வெள்ளையாக, காது மட்டும் இளம்பழுப்பாக, ஒரே அச்சில் இருக்கும். நூலை வைத்துத்தான் இது யாருடையது என்று தெரியும்.

சித்தி அங்கே போனது கன்று கொடுக்கத்தான். பான் லுத்ரா ஆரஞ்சுக் கன்று பத்துக் கேட்டிருந்தார். திரும்பி வந்ததும் சித்தப்பாவிடம், அங்கே ஆறு குட்டி இருக்கிறது, சும்மா பார்த்தேன் என்று சொன்னாள்.

"சும்மா பாத்ததுக்கு எதுக்கு உன் சட்டைப் பையில நீல நூல்கண்டு இருக்கு?" என்றார் சித்தப்பா.

சித்தி கூடையைக் கழுவப் போய்விட்டாள். முன்பணமும் கொடுத்துவிட்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் பான் லுத்ராவிடமிருந்து செய்தி வந்தது. குட்டிகளுக்கு நோய் கண்டுவிட்டது, யாரும் வர வேண்டாம். அதே நோய். ஒரு வாரத்தில் நான்கு போயின. பிறகு ஐந்தாவதும் போனது. ஒன்று மட்டும் கிடந்தது. கடைசியாக அவர் அனுப்பியது இதுதான்: முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், மன்னித்துவிடுங்கள். நூல் கட்டிய மற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். சித்தி மட்டும் பதிலே அனுப்பவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது.

நான் அப்போது பள்ளியை முடித்துவிட்டு, கப்பல் வேலைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வராமல் மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சித்தி வாசலில் வந்து நின்று, மேல்தெருவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாள். கையில் மூடி போட்ட கூடை. அதற்குள் பழைய துண்டு மடித்து வைத்திருந்தது.

வண்டியில் ஏறின பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "இன்னொரு தடவ அந்த வாடைய என்னால தாங்க முடியாதுடா. அது மட்டும் வேணாம். அதுக்குப் பயந்துதான் இத்தன நாள் உக்காந்திருந்தேன்."

அப்படியென்றால் ஏன் போகிறோம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

நாங்கள் போனபோது சித்தப்பாவின் லாரி அங்கே நின்றது. அவருக்கு யார் சொன்னார்களோ. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மடியில் கொழுகொழுவென்று ஒரு குட்டி, அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அது பான் லுத்ராவின் மைத்துனர் வீட்டுக் குட்டி. வேறு தாய், வேறு தெரு, எட்டு வாரம். நோய்நொடி எதுவும் கண்டதில்லை. முதல் ஊசி மட்டும் போட்டிருக்கிறது.

மிஞ்சிய குட்டி வாழைமரத்தடியில் தனியாக, கம்பி வலைக்குள் இருந்தது. மூன்று மாதம் ஆகிறது என்றால் நம்ப முடியாது. தலை பெரிது, விலா எலும்பு எண்ணலாம். ஒரு காது நின்றது, இன்னொன்று விழுந்துகிடந்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆனால் எழுந்து வரவில்லை.

"இது என்னோடதா?" என்று கேட்டாள் சித்தி.

பான் லுத்ரா கையைப் பிசைந்தார். "பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நோய் கண்டப்போ நூல், துணி எல்லாத்தையும் அறுத்துக் கொளுத்திட்டேன். எது யாருதுன்னு எனக்கே தெரியாது. உன்னோடதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பிறகு அவரே, இதை விற்கிற எண்ணம் தனக்கு இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி வரும் என்று சொல்லி, மைத்துனர் வீட்டுக் குட்டியைக் கொண்டுபோகச் சொன்னார். அதே விலைதான். முன்பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். சித்தப்பா அந்தக் குட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இத பாரு. இது நாய். அது நாயோட எக்ஸ்ரே."

சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் கொழுத்ததையே எடுக்கச் சொன்னேன். நோய் பார்க்காத குட்டி இருக்கும்போது நோயில் விழுந்து எழுந்ததை யாராவது எடுப்பார்களா? சித்தி ஒரு நிமிஷம் வலைக்குள் விரலை விட்டு அந்த விழுந்த காதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு எழுந்து வந்து, கொழுத்த குட்டியை வாங்கிக் கூடையில் வைத்து மூடினாள். சித்தப்பா பெருமூச்சு விட்டார். பான் லுத்ராவின் முகமும் தெளிந்தது.

கிளம்புகிற நேரத்தில்தான் பான் லுத்ரா அந்தப் பேச்சை எடுத்தார். சித்தி கொடுத்த பத்துக் கன்றில் ஒன்பது நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் இலை மஞ்சளாகி வாடுகிறது, வந்து பார்க்க முடியுமா என்றார். சித்தி கூடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். கன்றைப் பார்த்தாள். குனிந்து, மண்ணைக் கிளறி முகர்ந்தாள்.

"அண்ணே, இங்க முன்னாடி மரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. வேரழுகிப் போச்சு. போன வருஷம் பிடுங்கிட்டேன். குழி ரெடியா இருக்கேன்னு இதுல வச்சேன்."

"பட்ட குழியில யாராவது வைப்பாங்களா?" என்று சித்தி ஆரம்பித்தாள். தொழில் விஷயத்தில் அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "மரம் போனாலும் அழுகல் மண்ணுலதான இருக்கும். தளதளன்னு இருக்கிற கன்னுதான் அதுல மொதல்ல போகும். அழுகலப் பாத்து மீண்ட கன்னுன்னா கூட..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். உள்ளே குட்டி துண்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றார் சித்தப்பா.

"டாக்டரம்மா நம்பர் இருக்கா அண்ணே? போடுங்க" என்றாள் சித்தி.

எங்கள் பக்கத்துக்கு மாட்டு டாக்டராக வந்திருப்பவர் ஹெஸ்தி. பான் லுத்ராவின் குட்டிகளுக்கு ஊசி போட வந்தவரும் அவர்தான். பான் லுத்ரா ஃபோனைச் சத்தமாக வைத்து நீட்டினார். சித்தி, எட்டு மாதத்துக்கு முன் தன் வீட்டில் ஒரு குட்டி எப்படிச் செத்தது, எங்கே படுத்திருந்தது, எங்கே புதைத்தது எல்லாவற்றையும் சொன்னாள். மண் தரையா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றாள். எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டார். சோப்பு, தீர்த்தம் என்றாள்.

பிறகு டாக்டர் சொன்னார்: "அக்கா, கண்ணுக்குத் தெரியாதத தீர்த்தம் பாத்துக்கும். கண்ணுக்குத் தெரியற அழுக்க சோப்பு பாத்துக்கும். இந்தக் கிருமி ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. நிழல் மண்ணுல ஒரு வருஷம்கூடக் கெடக்கும். ஊசி முழுசா முடியாத குட்டிய அந்த முத்தத்துல விடாதீங்க."

"செரி. அப்போ அதே நோய் வந்து மீண்ட குட்டிய விட்டா?"

"அத அந்த நோய் மறுபடி தொடாது. அனேகமா. நான் கேரண்டிச் சீட்டு எழுதித் தர மாட்டேன். ஆனா உங்க வீட்டு மண்ணுக்கு அதவிட நல்ல குட்டி இந்த மலையில கெடையாது." இன்னும் சில வாரம் மற்றவர் வீட்டுக் குட்டிகளோடு சேர விடாதீர்கள், மற்ற நோய்க்கான ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள், பூச்சி மருந்து கொடுங்கள் என்றும் சொன்னார்.

சித்தி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். கூடையைத் திறந்து, கொழுத்த குட்டியை எடுத்துச் சித்தப்பாவின் மடியில் வைத்தாள். அவர் அதை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். ஒரு வாரத்தில் புதைத்துமிருப்பார். அது அவருக்கும் புரிந்துவிட்டது.

பான் லுத்ரா மட்டும் பிடிவாதம் பிடித்தார். இந்த எலும்புக் குட்டிக்குக் காசு வாங்க மாட்டேன், சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார்.

"ஓசியில வாங்கிட்டுப் போனா, நாளைக்கு ஒண்ணுன்னா உங்ககிட்ட வந்து சண்ட போட முடியுமா?" என்றாள் சித்தி. "பாதி விலையாவது வாங்குங்க. கன்னுக்கு வேற குழி தோண்டுங்க, புதுக் கன்னு நான் தர்றேன்."

அப்படித்தான் முடிந்தது. ஆனால் குட்டி அன்றைக்கே வீட்டுக்குள் போகவில்லை. வாசலுக்கு வந்ததும் சித்தப்பா நாள்காட்டியைப் பார்த்தார். நாலுகால் ஜீவனை வீட்டுக்குள் அழைக்க அன்று நாள் சரியில்லை, மறுநாள் காலைதான் நல்லது என்று போட்டிருந்தது. இவ்வளவு பார்த்துவிட்டு இதில் கோட்டை விடுவானேன் என்று சித்தி சொல்லிவிட்டாள். அதனால் குட்டி, வாசலுக்கு வெளியே நின்ற லாரியின் முன்சீட்டில் தங்கியது. தனியாக விட முடியாதென்று சித்தப்பாவும் அதிலேயே தங்கினார். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது, எக்ஸ்ரே அவர் நெஞ்சின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் கண்ணால் மட்டும் எனக்கு ஜாடை காட்டினார்.

வீட்டுக்குள் வந்த பிறகும் சித்தி அதைத் தரையில் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பு மூட்டினாள், இடுப்பில் வைத்துக்கொண்டே பழம் தரம் பிரித்தாள். டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் அது திமிறிக் குதித்து, நேராக அவகாடோ மரத்தடிக்கு ஓடி, மூக்கை வைத்து முகர்ந்து, முன்னங்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. எங்கள் மலைநாய்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த இடம்! சித்தி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பிறகு பாதி வழியில் நின்றுவிட்டாள். தூக்கவில்லை. மூக்கு நிறைய மண்ணோடு அது திரும்பிப் பார்த்தது. "செரி, தோண்டு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நாட்கள் நகரவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தட்டைப் பார்ப்பாள், பிறகு குட்டி வெளிக்குப் போன இடத்தைப் பார்ப்பாள். அது மண்ணைத் தோண்டி மூன்றாம் நாள் கடந்தது. நான்காம் நாளும் கடந்தது. ஆறாம் நாள் காலை என்னை ஃபோனில் கூப்பிட்டாள். குட்டி வாந்தி எடுத்திருக்கிறது, வயிறும் போகிறது.

நான் போனபோது அவள் முற்றத்துப் படியில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் மூச்சை இழுத்தேன். அந்த வாடை இல்லை. "இல்ல சித்தி, வாட வேற மாதிரி இருக்கு" என்றேன். தன் மூக்கை நம்பத் தைரியமில்லை என்றாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அது போனதைக் கொஞ்சம் எடுத்து மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடித் தகட்டில் தடவிக் கருவியின் வழியே பார்த்தார். நான் சுவரிலிருந்த மாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பல் கம்பெனிப் பதிலுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

"பூச்சி" என்றார் டாக்டர். "வயித்துப் பூச்சி. நான் குடுத்த மருந்து வேல செய்யுது. வாந்தியில என்ன இருந்துச்சு?"

ஆரஞ்சுத் தோல் என்றேன். அவர் சிரித்தார்.

நான் அங்கிருந்தே சித்திக்குச் சொன்னேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள் போல. கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் போனபோது, பட்டப்பகலில், காப்பிப் பாயின் மேல் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தை நாளில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த இரண்டு வாரத்தில் அதன் விலா எலும்புகள் மறைந்தன. சித்தி அதனிடம் அதுவரை உரக்க ஒரு வார்த்தை பேசியதில்லை. சத்தம் போட்டால் உடைந்துவிடும் பாத்திரம் போலக் குசுகுசுவென்றே பேசிவந்தாள். ஒரு நாள் காலை நானும் சித்தப்பாவும் வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். பின்பக்கத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது. சித்தி ஒட்டுக் கட்டி வைத்திருந்த கன்று நாலைந்தைக் குட்டி வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறது. "ஏய், தரித்திரம் பிடிச்ச மூதேவி, அத்தனையும் மூணு மாச உழைப்பு, இங்க வா நீ, இன்னிக்கு உன் கால ஒடிக்கிறேன்" என்று துடைப்பத்தோடு அவள் ஓடுவதும், அது தோட்டத்தை வளைத்து வளைத்து ஓடுவதும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சித்தப்பா கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காதைத் தீட்டிக் கொஞ்சம் கேட்டார்.

"திட்ட ஆரம்பிச்சுட்டா" என்றார். "இனிமே பயமில்ல."